தோல் கையுறை: ஐந்து சோடி போய்விட்டது, இடது கைகள் மட்டும் மிச்சம்

முள்ளுக்கம்பி (சாம்பல்தீவு) கேட்டது:

வணக்கம். நான் வேலி அடிக்கிற வேலை செய்கிறவன். திருகோணமலைப் பக்கம், சாம்பல்தீவில் இருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி வரைக்கும் எங்கே கூப்பிட்டாலும் போவேன். என்னோடு இரண்டு பொடியன்கள். பழைய வேலியைப் பிடுங்குவது, பற்றை வெட்டுவது, கொங்கிறீட் தூண் நடுவது, கம்பி இழுப்பது எல்லாம் நாங்கள் மூன்று பேரும்தான்.

தை மாதத்தில் இருந்து இன்றுவரைக்கும் எனக்கு மட்டும் ஐந்து சோடி தோல் கையுறை போய்விட்டது. நேற்று இரவு ஐந்தையும் விறாந்தையில் வரிசையாக வைத்து, லைற்றைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "கடை போடப் போறீங்களோ?" என்று மனைவி கேட்டுவிட்டுப் போனாள். பார்த்ததும் நல்லதாகிவிட்டது. ஐந்திலும் கிழிந்திருப்பது வலது கைதான். அதுவும் ஒரே இடம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், குறடு பிடிக்கும்போது இழுபடுகிற அந்த வளைவு. தோல் அப்படியே இருக்கிறது, தையல் விட்டுப்போயிருக்கிறது. நூல் நுனியைப் பிடித்து இழுத்தால் ஊறின சேமியா மாதிரி கையோடு வருகிறது. இடது கைகள் ஐந்தும் இன்னும் ஆறு மாதம் பாவிக்கலாம் போலக் கிடக்கின்றன.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. போன மாதம் இறக்கக்கண்டியில் ஒரு வளவு. கடலில் இருந்து ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. கிளுவைக் கதியாலில் அடித்த பழைய கம்பி, உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சிவந்துபோய் நின்றது. ஒரு முனையை வெட்டினேன். மற்ற முனை இழுவையில் இருந்ததைக் கவனிக்கவில்லை. கம்பி பாம்பு மாதிரித் திரும்பி வந்து கையின் புறப்பக்கத்தில் ஏறிவிட்டது. உள்ளங்கைப் பக்கம்தான் தோல், புறப்பக்கம் வெறும் துணி. ஏற்புவலி ஊசி ஒன்று, தையல் நான்கு, ஒரு கிழமை வேலை இல்லை. அந்த ஒரு கிழமைக் கூலிக்கு எத்தனை நல்ல சோடி வாங்கியிருக்கலாம் என்று படுத்திருந்து கணக்குப் பார்த்தேன்.

இவ்வளவு நாளும் வாங்கினது 600, 700 ரூபாச் சாமான். ஒரு சோடிக்கு 3000 வரைக்கும் கொடுக்கத் தயார். ஆனால் கொடுத்தால் மாரி முடியும்வரை நிற்கவேண்டும். மாட்டுத்தோலா, ஆட்டுத்தோலா? கடையில் கேட்டால் "எல்லாம் லெதர்தான் அண்ணை" என்கிறார்கள். கையில் வாங்கிப் பார்க்கும்போது எதைப் பார்க்கவேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வெல்டர் (சீனக்குடா) எழுதியது:

தம்பி, நீர் விறாந்தையில் வைத்துப் பார்த்ததிலேயே பாதி பதில் இருக்கிறது. கையுறை சாகிறது தையலில். தோலைப் பற்றிக் கதைக்கிறவன் நூலைப் பார்ப்பதே இல்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வெல்டிங் செய்தவன். முதலில் தோலைச் சொல்கிறேன். மாட்டுத்தோல் தடிப்பானது. அதை மெஷினில் கொடுத்துக் குறுக்காகப் பிளப்பார்கள். மயிர் இருந்த மேல்படை ஒன்று, சதைப் பக்கத்து உள்படை ஒன்று. மேல்படை வழுவழுப்பாக இருக்கும், நார் நெருக்கம், தண்ணீர் சட்டென்று இறங்காது. உள்படை இரண்டு பக்கமும் சொரசொரப்பு. மலிவு. வெக்கை தாங்கும், உராய்வும் ஓரளவு தாங்கும். ஆனால் நார் தளர்வு, இழுத்தால் விட்டுக்கொடுக்கும், நனைந்தால் பஞ்சு மாதிரிக் குடிக்கும். நீர் 600 ரூபாய்க்கு வாங்கினது அனேகமாக அந்த உள்படைதான். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, அதுவும் லெதர்தான்.

வெல்டிங் கையுறையைத் தூக்கிக்கொண்டு வேலி அடிக்கப் போகாதீரும். முழங்கை வரைக்கும் வரும், பார்க்கப் பலமாகத் தெரியும். ஆனால் அது தீப்பொறிக்கும் வெக்கைக்கும் செய்தது. அதைப் போட்டுக்கொண்டு கட்டுக்கம்பி முறுக்கிப் பாரும், இரண்டாவது கட்டிலேயே கழற்றி எறிந்துவிடுவீர். கழற்றின கையில்தான் முள் ஏறும்.

உம்முடைய வேலைக்கு மாட்டுத்தோலின் மேல்படை, உள்ளே துணி வைக்காதது, புறப்பக்கமும் தோலாக இருப்பது. கிடைத்தால் எருமைத்தோல் இன்னும் தடிப்பு, கம்பிக்கு நல்லது, விரல் மடக்கத்தான் கொஞ்ச நாள் பழகவேண்டும். ஆட்டுத்தோல் மெல்லியது, மெல்லியதற்கு அது நல்ல பலம், ஆணி எடுக்க, முடிச்சுப் போட அதுதான் சுகம். ஆனால் நாள் முழுக்க முள்ளுக்கம்பி இழுக்க அது காணாது.

கையில் வாங்கினதும் உள்ளே வெளியே திருப்பிப் பாரும். வெட்டு விளிம்பு வெளிறின நீலச் சாம்பல் நிறமாக இருந்தால் குரோம் போட்டுப் பதனிட்ட தோல். வேலைக் கையுறைக்கு அதுதான் வழமை, வியர்வையும் வெக்கையும் கொஞ்சம் தாங்கும். விளிம்பில் நாரே தெரியாமல், துணிக்கு மேல் ஒரு படலம் ஒட்டினது மாதிரி இருந்தால் அது தோல் இல்லை, திருப்பிக் கொடுத்துவிடும்.

அப்புறம் பெருவிரல். சிலதில் உள்ளங்கையும் பெருவிரலும் ஒரே நேர்த் தையலில் போகும், அந்த வளைவில் இழுவை முழுக்க நூலின்மேல்தான். சிலதில் பெருவிரலைத் தனித் துண்டாக வெட்டி, வளைத்துப் பொருத்தித் தைத்திருப்பார்கள். அந்த இடத்துக்கு மேல் இன்னொரு தோல் துண்டும் போட்டிருந்தால் யோசிக்காமல் எடும். விரல்களுக்கு நடுவில் தையலோடு சேர்த்து ஒரு மெல்லிய தோல் நாடா வைத்திருக்கிறார்களா என்றும் பாரும். அந்த நாடா தேயும்வரைக்கும் நூலுக்கு ஒன்றும் ஆகாது.

நூல் பருத்தியாக இருந்தால் வியர்வையும் உப்பும் சேர்ந்து உக்கிவிடும். உம்முடைய சேமியா அதுதான். பொலியெஸ்டர் நூல் வேண்டும். கெவ்லார் என்று போட்டிருந்தால் விலை கூட. அது முக்கியமாக நெருப்பு வேலைக்கு, வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் அதுவும் பலம் குறையும். வேலிக்கு அதற்காகக் காசைக் கொட்டத் தேவையில்லை.

இனி நான் செய்கிற வேலை ஒன்று. புதுச் சோடியை வாங்கினதும் போடமாட்டேன். நேரே சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொண்டுபோய், அந்தப் பெருவிரல் வளைவை இன்னொரு வரிசை தைத்துத் தரச் சொல்வேன். நூல் நான் கொடுப்பேன். வலை பொத்துகிற முறுக்கு நைலோன் நூல், தேன்மெழுகில் நாலு தரம் இழுத்தது. தூண்டிலுக்குப் போடுகிற ஒற்றை இழைத் தங்கூசியைக் கொடுத்துவிடாதீரும், அது தோலை அறுத்துக்கொண்டு போகும். தையல் நெருக்கமாகவும் வேண்டாம். ஊசித் துளை கூடினால் தபால் முத்திரை மாதிரித் துளை வழியே கிழியும்.

கரைவலை (கிண்ணியா) எழுதியது:

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? றப்பர் முக்கின துணிக் கையுறை 250, 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கிழமைக்கு ஒன்று போடுங்கள், கிழிந்தால் எறியுங்கள். நாங்கள் வலை இழுக்க, ஐஸ் பெட்டி தூக்க அதுதான். ஈரத்தில் தோல் வழுக்கும், காய்ந்தால் திருக்கைத் தோல் மாதிரி விறைத்துப்போகும், மறுநாள் விரலே உள்ளே போகாது. கடல் வேலைக்கு நான் ஒருதரம் தோல் வாங்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

தேசிமரம் (தம்பலகாமம்) எழுதியது:

கிண்ணியாத் தம்பி சொல்வது ஈர வேலைக்குச் சரி. முள்ளுக்குச் சரிவராது. எங்கள் வளவில் பதினெட்டுத் தேசி மரம் நிற்கிறது, நடுவில் ஒரு போகன்விலாவும் இருக்கிறது. றப்பர் முக்கினதைப் போட்டுக்கொண்டு தேசிக்குள் கை விட்டேன். உள்ளங்கையில் ஒன்றும் இல்லை, புறங்கை முழுக்கக் கீறல். அங்கே வெறும் பின்னல் துணிதானே.

நான் சொல்ல வந்தது அளவைப் பற்றி. கடைகளில் ஆம்பிளைகளின் கைக்கென்றே ஒரே அளவு வைத்திருக்கிறார்கள். போட்டால் விரல் நுனியில் அரை அங்குலம் வெறுமையாகத் தொங்குகிறது. அந்த வெறும் நுனிதான் கிளையில் மாட்டும், கத்தரியில் அகப்படும். கனடாவில் இருக்கிற தம்பி அன்போடு ஒரு சோடி அனுப்பினான், மஞ்சள் மாட்டுத்தோல், தொட்டால் விடமனமில்லாத சாமான். அளவு 10. என் இரண்டு கையும் ஒன்றுக்குள் போகும். இப்போது அது அடுக்களையில் பலாக்காய் வெட்டுகிற நாளில் மட்டும் வெளியே வரும்.

பிறகுதான் அளக்கப் பழகினேன். தையல் நாடாவை எடுத்து, பெருவிரலை விட்டுவிட்டு, விரல்கள் தொடங்குகிற மொளிக்குக் கீழே உள்ளங்கையைச் சுற்றி அளக்கவேண்டும். வருகிற அங்குலம்தான் கிட்டத்தட்டக் கையுறை அளவு. எனக்கு 7 அங்குலம், அளவு 7. ஆம்பிளைகளுக்கு 8, 9, பெரிய கைக்கு 10. முள்ளுக்கம்பி அண்ணை, உங்கள் வலது கை விட்டுப்போவதற்கு அளவு சிறிதாக இருப்பதும் காரணமாக இருக்கலாம். இறுக்கமாக இருந்தால் குறட்டை விரிக்கும்போது அந்த வளைவுதான் முதலில் இழுபடும்.

இப்போது நான் பாவிப்பது ஆட்டுத்தோல், முழங்கை வரைக்கும் நீளமான கை வைத்தது. மூன்றாவது வருடம். தேசி முள் நேரே குத்தினால் இப்பவும் சிலவேளை இறங்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் கீறல் இல்லை.

தலைக்கவசம் (கப்பல்துறை) எழுதியது:

கட்டிட வேலைத்தளங்களில் பாதுகாப்புப் பார்க்கிறவன் நான். அக்கா "சிலவேளை இறங்கும்" என்று சொன்னதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது.

நல்ல கையுறையின் புறப்பக்கத்தில் அல்லது உள்ளே இருக்கிற துணி லேபலில், ஒரு கேடயத்துக்குள் சுத்தியல் படம் இருக்கும். பக்கத்தில் இஎன் 388 என்றும், கீழே நான்கு இலக்கமும் போட்டிருக்கும். அது ஐரோப்பிய நியமம். முதல் இலக்கம் உராய்வு, இரண்டாவது வெட்டு, மூன்றாவது கிழிவு, நான்காவது குத்து. வெட்டுக்கு மட்டும் 5 வரைக்கும், மற்றவற்றுக்கு 4 வரைக்கும் போகும். 2016இல் திருத்தினபிறகு, வேறு முறையில் செய்கிற வெட்டுச் சோதனைக்கென்று ஒரு ஆங்கில எழுத்தும் பின்னால் வரும். இலக்கத்துக்குப் பதிலாக எக்ஸ் என்று இருந்தால் அந்தச் சோதனை செய்யவில்லை என்று அர்த்தம்.

வேலிக்காரருக்கு முக்கியம் முதலாவது, மூன்றாவது, நான்காவது. தோலில் வெட்டு இலக்கம் குறைவாகத்தான் வரும், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். கிழிவில் 4 என்றால் 75 நியூட்டன் இழுவைக்குக் குறையாமல் தாங்கியிருக்கிறது. குத்தில் 3 என்றால் 100 நியூட்டன், ஏறத்தாழப் பத்துக் கிலோப் பாரம். ஆனால் அந்தக் குத்துச் சோதனையை 4.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்கு முனையால் செய்கிறார்கள். அது ஆணிக்கும் கம்பிக்கும் ஒத்துவரும். தேசி முள்ளும் உடைமர முள்ளும் ஊசி மாதிரி. அந்த இலக்கத்தை நம்பி முள்ளுக்குள் கையை ஓங்கி விடக்கூடாது.

இன்னும் இரண்டு விஷயம், இதை நான் ஒவ்வொரு தளத்திலும் கத்துகிறேன். சுழலுகிற எதிலும் கையுறையோடு கை வைக்காதீர்கள். ட்றில், கொங்கிறீட் கலக்கும் மெஷின், வட்ட வாள். தோல் நல்ல பலமாக இருப்பதுதான் அங்கே ஆபத்து, கிழிந்து விடாது, கையோடு இழுத்துக்கொண்டு போகும். அடுத்தது சீமெந்து. தூண் நடுகிற அன்றைக்குத் தோலைக் கழற்றி வைத்துவிட்டு றப்பர் போடுங்கள். ஈரச் சீமெந்து காரம். தோலுக்குள் ஊறி நின்றால் கையையும் புண்ணாக்கும், தோலையும் வறட்டி வெடிக்க வைக்கும். இந்த இடத்தில் கிண்ணியாக்காரர் சொன்ன 300 ரூபாச் சாமான்தான் சரி.

முள்ளுக்கம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஏழு கிழமை கழித்து எழுதுகிறேன், வேலை நெருக்கம், அதோடு மாரியும் தொடங்கிவிட்டது.

முதலில் அளந்தேன். எனக்கு 9. இவ்வளவு நாளும் போட்டது என்ன அளவென்று பழையதைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றிலும் அளவே போடவில்லை. அக்கா சொன்னதுதான்.

ரவுனில் நாலு ஹாட்வெயார் ஏறி இறங்கினேன். மூன்றில் அதே மஞ்சள் உள்படை. நான்காவதில் தூசி பிடித்த பெட்டிக்குள் இருந்து ஒன்றை எடுத்துத் தந்தார்கள். மாட்டுத்தோல் மேல்படை, புறப்பக்கமும் தோல், பெருவிரல் தனித் துண்டு, மணிக்கட்டுக்கு மேல் நாலு விரல் நீளம். சுத்தியல் படம் இருந்தது, 3 1 3 3. விலை 2650. திருப்பி விளிம்பைப் பார்த்தேன், நீலச் சாம்பல். கடைப் பொடியன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். விரல் நடுவில் நாடா இல்லை, அதை மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

பஸ் நிலையத்துப் பக்கம் வேப்பமரத்தின் கீழ் இருக்கிற சப்பாத்துக்காரரிடம் கொடுத்தபோது, "புதுசு, கிழியல்லையே, என்னத்தைத் தைக்கிறது?" என்று கேட்டார். சொன்னேன். வலை நூலைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது நல்ல நூல், மிச்சத்தை வைச்சிட்டுப் போங்க" என்றார். 200 ரூபா எடுத்தார். நூலும் போனது.

இப்போது ஏழு கிழமை. குச்சவெளியில் இரண்டு ஏக்கர், முழுக்கச் சூரைப் பற்றை. சூரை முள் கொக்கி மாதிரி, அது குத்துவதைவிடத் தையலைக் கொளுவி இழுப்பதுதான் அதிகம் என்று இந்த முறைதான் கவனித்தேன். சுட்டுவிரல் பக்கத்தில் கடைத் தையல் ஒரு இடத்தில் பிசிர் விட்டிருக்கிறது. பெருவிரல் வளைவு அசையவில்லை. பொடியன்களுக்கும் அதே சாமான் ஒவ்வொரு சோடி வாங்கினேன், ஒருவனுக்கு 8. தூண் நடுகிற நாளைக்கு மூன்று பேருக்கும் றப்பர். வேறு ஒன்றும் மாறவில்லை. கம்பி வெட்டும்போது மட்டும் இரண்டு முனையையும் ஆள் பிடித்த பிறகுதான் குறட்டை வைக்கிறேன், அதற்குக் கையுறை உதவாது.

ஒரு கேள்வி. நேற்று முழுக்க மழையில் நனைந்துவிட்டது. மனைவி அடுப்புக்கு மேல் கொழுவப் பார்த்தாள், நான் தடுத்துவிட்டேன். சரிதானே?

பழைய வெல்டர் எழுதியது:

சரி, சரி. அடுப்புக்கு மேல் போட்டால் விடியக் கருவாடுதான். ஈரத்தோலில் வெக்கை பட்டால் சுருங்கி இறுகிவிடும், பிறகு என்ன எண்ணெய் பூசினாலும் பழைய இளக்கம் வராது. கடல் பக்கம் வேலை செய்த நாளில் முதலில் நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிடும். பிழியவேண்டாம். ஒவ்வொரு விரலுக்குள்ளும் பேப்பரைச் சுருட்டி வைத்து, காற்று வருகிற நிழலில் கொழுவும். முழுக்கக் காய முன்னம், கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே கையில் போட்டு நாலுதரம் மடக்கி நிமிர்த்தும், உம்முடைய கைக்கே படிந்துவிடும். மாரியில் பூஞ்சணம் வரும். வந்தால் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடும், பயப்பட ஒன்றும் இல்லை. மாதம் ஒருக்கால் தேன்மெழுகும் எண்ணெயும் உருக்கிக் கலந்து துணியில் தொட்டு மெல்லிசாகத் தேயும். வழிய வழியத் தேங்காயெண்ணெய் பூசாதீரும், குறடு கையில் நிற்காது.

முள்ளுக்கம்பி எழுதியது:

பேப்பர் வைத்தாயிற்று. பழைய வீரகேசரி ஒன்று முழுதாகப் போய்விட்டது.

அந்த ஐந்து இடது கைகளையும் எறிய மனம் வரவில்லை. யாராவது இடக்கைக்காரர் இருந்தால் சொல்லுங்கள், சும்மா தருகிறேன்.

சாந்தகப்பை (மூதூர்) எழுதியது:

நான் மேசன், இடக்கை. என்னிடம் வலது மூன்று கிடக்கிறது, எல்லாம் புதுசு மாதிரி. உங்களுடையது 9க்குச் சின்னதாக இருந்தால் எனக்குச் சரியாக வரும். ஞாயிற்றுக்கிழமை ரவுனுக்கு வருகிறேன், எந்த வேப்பமரம் என்று சொல்லுங்கள்.